பொருள்: நடுவர் ஊதாமல் விட்டதற்கு ஒரு சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

சேலம், மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கின் ‘கடைசி இரண்டு நிமிட அறிக்கை’யைத் தமிழாக்குகிறேன். ஆட்டம் நெருக்கமாக முடிந்தால், அந்த இரண்டு நிமிடத்தில் நடுவர்கள் ஊதியதையும் ஊதாமல் விட்டதையும் லீக் மறுநாள் அலசி வெளியிடும். 2015 மார்ச்சில் தொடங்கிய வழக்கம். அட்டவணையில் நான்கு வகை: ஊதியது சரி, ஊதியது தவறு, ஊதாதது சரி, ஊதாதது தவறு. பின்னிரண்டுக்கும் பெயர்ச்சொல் தேவை. கட்டம் சிறியது, இரண்டு சொல்லுக்கு மேல் கொள்ளாது. ஃபவுலையும் ‘தவறு’ என்று எழுதினால் ‘தவறாகக் கொடுக்காத தவறு’ என்று வந்து நிற்கிறது. காப்பாற்றுங்கள்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

இதற்கா இவ்வளவு கலக்கம்? ஊதாமை. எதிர்மறைத் தொழிற்பெயர். நடுவுநிலைமை அதிகாரத்திலேயே ‘ஒருபால் கோடாமை’ என்று வள்ளுவர் வழி காட்டியிருக்கிறார். நடுவருக்குரிய சொல்லை நடுவுநிலைமையிலிருந்தே எடுப்பது எவ்வளவு பொருத்தம்! கூடவே ‘விசில்’ என்பதையும் விடுத்துச் ‘சீழ்க்கை’ எனலாம்.

கோவை, பயிற்சியாளர்:

ஐயா, சீழ்க்கைன்னா பசங்க வாயில விரலை வெச்சுக்குவாங்க. எங்க கோர்ட்டுல ‘ரெஃப்ரி விட்டுட்டாரு’, அவ்வளவுதான். 2023 ஜனவரி 28, பாஸ்டன். லேக்கர்ஸும் செல்டிக்ஸும் 105-105ல நிக்குது, கடைசி நொடி. லேக்கர்ஸோட லெப்ரான் லேயப் (கூடைக்குப் பக்கத்துல போய்ப் போடுறது) போறாரு, செல்டிக்ஸோட டேட்டம் கையில அடிக்கிறாரு, விசில் இல்லை. லேக்கர்ஸோட பெவர்லி ஒரு போட்டோகிராபர் கேமராவையே வாங்கிட்டு வந்து ரெஃப்ரிகிட்ட காட்டினாரு. கிடைச்சது டெக்னிக்கல் ஃபவுல், அதாவது நடத்தைக்கான தண்டனை! ஓவர்டைம்ல 125-121னு செல்டிக்ஸ் ஜெயிச்சது. விட்டுட்டோம்னு நடுவர்களே பிற்பாடு ஒத்துக்கிட்டாங்க. ‘விட்ட விசில்’னு போடுங்க.

சென்னை, அகராதிப் பணியாளர்:

‘விட்ட’ என்றாலே குற்றம் சாட்டியாயிற்று. உரசல் சின்னதுதான், ஊதாதது சரி என்று அறிக்கை சொல்லும் வரிகள் ஏராளம். அங்கே ‘சரியான விட்ட விசில்’ என்று எழுதுவீர்களா? இரண்டு வகைக்கும் பொதுவான, பழி சுமத்தாத சொல் வேண்டும். ‘ஊதாமை’ அதைச் செய்கிறது. ஆனால் அதைப் பெயரெச்சமாக்கி ‘ஊதாக் குற்றம்’ என்று யாராவது சுருக்கினால் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு குற்றம் தோன்றும். பாதிக்கப்பட்ட லேக்கர்ஸின் நிறமும் ஊதாதான் என்பது கூடுதல் கொடுமை.

மதுரை:

நிறத்தைக் குறிக்கும் ‘ஊதா’ தமிழே அன்று, உருதுவிலிருந்து வந்தது. வந்தேறிக்கு அஞ்சி வீட்டுக்காரன் வெளியேறுவதா?

டொராண்டோ, வாசகர்:

எங்கட பக்கம் நடுவரை மத்தியஸ்தர் எண்டுதான் சொல்லுறது. அது வடமொழி எண்டு ஐயா சண்டைக்கு வருவார், பரவாயில்லை. என்ர கேள்வி வேற. வள்ளுவற்ற ‘ஆமை’ எல்லாம் நல்ல குணம்: கொல்லாமை, கள்ளாமை, வெஃகாமை. ‘ஊதாமை’ எண்டால் மத்தியஸ்தர் ஏதோ அறம் காத்த மாதிரியெல்லோ கிடக்கு?

மதுரை:

கல்லாமையை மறந்தீரே! அதுவும் ஓர் அதிகாரம்தான், நற்குணமா அது? ‘ஆமை’ ஈறு நன்மைக்கும் தீமைக்கும் பொது.

(இதன்பின் ‘பொச்சாவாமை’ பற்றி மதுரைக்கும் டொராண்டோவுக்கும் நடந்த நீண்ட மடல்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். – மட்டுறுத்துநர்)

கோவை:

ஊதினது தப்பா இருந்தா இன்னும் மோசம்ங்க. 2024 பிப்ரவரி 12, ஹூஸ்டன். 103-103. ராக்கெட்ஸோட ஆரோன் ஹாலிடே எறியிறாரு, நிக்ஸோட பிரன்சன் மேல ஃபவுல் ஊதுறாங்க, 0.3 நொடி பாக்கி. அந்த ஃபவுலுக்குக் கிடைச்ச ஃப்ரீ த்ரோவுல ராக்கெட்ஸ் 105-103, முடிஞ்சுது. ஊதியிருக்கக் கூடாதுன்னு ரெஃப்ரியே ஆட்டம் முடிஞ்சதும் சொல்லிட்டாரு. நிக்ஸ் முறையீடு பண்ணுனாங்க, தள்ளுபடி. ஏன்னா அது கண் பார்வைப் பிழை, விதியைத் தப்பா பயன்படுத்துனது இல்லை. ஆறு ஃபவுல் ஆனா ஆட்டக்காரர் வெளியே போகணும்ங்கறது விதி. 2007ல மயாமி ஹீட்டோட ஷாக்குக்கு அஞ்சு ஃபவுல்தான், ஸ்கோர் மேசைல ஆறுன்னு எண்ணி வெளியே அனுப்பிட்டாங்க. அந்த முறையீடு மட்டும் ஜெயிச்சு, கடைசி 51.9 நொடியை 2008 மார்ச்சுல மறுபடி ஆடுனாங்க. இந்த ரெண்டு பிழைக்கும் வேற வேற சொல் வேணும். அதை யாரும் பேசல.

சென்னை:

நல்ல கேள்வி. ‘கணிப்புப் பிழை’, ‘விதிப் பிழை’ என்று வைக்கலாம். முன்னதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. கணிப்பு என்றால் ஜோதிடம் எட்டிப் பார்க்கிறது.

சேலம்:

நேரமில்லை, அனுப்பிவிட்டேன். ‘சரியான ஊதாமை’, ‘தவறான ஊதாமை’. ஃபவுலும் விசிலும் அப்படியே. ஆதரவு மூன்று, எதிர்ப்பு ஒன்று. டொராண்டோ அண்ணனை ஆதரவில் சேர்த்துவிட்டேன், மன்னிக்கவும்.

டொராண்டோ:

நான் எப்ப ஓமெண்டனான்?

கோவை:

அட்டவணைக்கு வெச்சுக்கோங்க, சண்டை இல்லை. என் பசங்க அதைப் படிச்சுட்டு ‘சார், ஊதாமைன்னா என்ன?’ன்னு கேட்டா, ‘ரெஃப்ரி விட்டுட்டாரு’ன்னுதான் சொல்லப் போறேன்.

மதுரை:

சீழ்க்கை குறித்து ஒருவரும் மறுமொழி தரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.