'வேகம்' என்ற ஒரே சொல் போதுமா? இணைப்பு வீதமும் வரத்தும்

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தமிழாக்கும் கணினி இடைமுகத்தின் வலையமைப்பு அமைப்புகளில் 'வேகம்: 1 கிகாபிட்' என்று மொழிபெயர்த்திருக்கிறோம். கோப்பு நகலெடுக்கும் சாளரத்திலும் 'வேகம்: 112 மெகாபைட்' என்றே இருக்கிறது. ஆயிரம் வரவேண்டிய இடத்தில் நூற்றுச் சொச்சம்தான் வருகிறது என்று பிழை அறிக்கை வருகிறது. பிழை ஒன்றும் இல்லை. 1,000 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 125 மெகாபைட். கம்பிவழி வலையமைப்பான ஈதர்நெட், தரவைச் சட்டகங்களாகத் துண்டுபோட்டு அனுப்புகிறது. வழக்கமான சட்டகம் ஒன்று, தலைப்புகளும் சரிபார்ப்பு எண்ணும் அடுத்த சட்டகத்துக்கு முன் விடும் இடைவெளியும் சேர்ந்து, கம்பியில் 1,538 பைட் இடம் பிடிக்கிறது. இவற்றோடு டிசிபி என்ற அனுப்பு நெறிமுறை சேர்க்கும் நேரமுத்திரையும் போனால் கோப்புக்கு மிஞ்சுவது 1,448. ஆக உச்சமே 117.7 மெகாபைட்தான்.

யுஎஸ்பி பக்கம் குழப்பம் வேறு மாதிரி. யுஎஸ்பி 3.0-இன் 5 கிகாபிட் என்பது குறிமுறைச் சுமையோடு சேர்ந்த எண். எட்டு பிட்டை அனுப்பப் பத்து பிட் செலவாகிறது. தரவுக்கு 4 கிகாபிட், அதாவது 500 மெகாபைட். ஈதர்நெட்காரர்கள் அந்தச் சுமையைக் கழித்துவிட்டுத்தான் பெயரே வைத்தார்கள். ஒளியிழையில் ஓடும் கிகாபிட் ஈதர்நெட் உண்மையில் 1.25 கிகா வீதத்தில் துடிக்கிறது. யுஎஸ்பி வழக்கப்படி பெயரிட்டிருந்தால் அதற்கு 'ஒன்றேகால்' என்றுதான் பெயர். இரண்டையும் ஒரே அட்டவணையில் 'வேகம்' என்ற தலைப்பின் கீழ் போடுவது சாக்கோடு நிறுத்த எடையையும் சாக்கு நீக்கிய எடையையும் ஒப்பிடுவது போல.

என் முன்மொழிவு: குறிமுறைச் சுமை சேர்ந்ததற்குக் கம்பி வீதம், அதைக் கழித்ததற்குத் தரவு வீதம், உண்மையில் வந்து சேர்வதற்கு வரத்து. மூன்றாவதுதான் ஆங்கிலத்தில் த்ரூபுட். அணைக்கு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி என்று நாளிதழில் தினமும் படிக்கிறோமே, அதே வரத்து.

*

> கம்பி வீதம்

ஐயா, ஒளியிழையில் கம்பி ஏது? வைஃபையில்? 'ஊடக வீதம்' என்று மாற்றலாம் என்றால், பத்திரிகைத் துறையின் பங்கு விகிதம் போல ஒலிக்கிறது. 'தட வீதம்' எனக்குப் பிடித்தது, ஆனால் ஒரே இணைப்பில் பக்கம் பக்கமாக ஓடும் பாதைக்கு (lane) ஏற்கெனவே தடம் என்று வைத்துவிட்டோம். யுஎஸ்பி 3.2-இல் 20 கிகாபிட் என்பது 10 கிகாபிட் தடங்கள் இரண்டு. அங்கே 'தட வீதம்' பத்தா, இருபதா?

> வரத்து

இது உள்ளே வருவதை மட்டும்தானே குறிக்கும்? பதிவேற்றத்துக்கு என்ன சொல்வது? 'பாய்வு' நடுநிலையாக இருக்கும்.

'வீதம்' பற்றியும் ஒன்று. இலங்கை இதழ்களில் '50 வீதம்' என்றால் ஐம்பது விழுக்காடு. தனியே நிற்கவிடாதீர்கள்; முன்னே ஒரு சொல் ஒட்டியே வரட்டும்.

*

கம்பியை விட்டுவிடுகிறேன். வீதத்தைத் தனியே விடக்கூடாது என்பதும் சரி. ஆனாலும் 'வேகம்' வேண்டாம்: தமிழ்நாட்டுப் பாடநூலின் வேகம் இலங்கையில் கதி, அங்கே வேகம் என்றால் திசையும் சேர்ந்தது. இரு இடத்திலும் பொருள் மாறாமல் ஒட்டுவது வீதம்தான்.

வரத்தை விடமாட்டேன். த்ரூபுட் அளக்கப்படுவது பெறும் முனையில். நூறு தரவுப் பொட்டலம் அனுப்பி ஐந்து தொலைந்து, அந்த ஐந்தை மறுபடி அனுப்பினால் கம்பியில் ஓடியது 105. வந்து சேர்ந்தது 100. 'பாய்வு' என்றால் 105-ஐயும் சொல்லலாம். வரத்து என்றால் சொல்ல முடியாது. பதிவேற்றத்திலும் மறுமுனைக்கு அது வரத்துதான்.

*

திரையில் தெரியும் இடைமுகச் சொற்களுக்கு இரண்டு போதும்: இணைப்பு எந்த வீதத்தில் அமைந்திருக்கிறது என்பதற்கு இணைப்பு வீதம், வந்து சேர்வதற்கு வரத்து. குறிமுறைச் சுமை சேர்ந்த எண் விவரக்குறிப்பு ஆவணங்களில்தான் வரும். அங்கே 'குறிமுறை உட்பட' என்று எழுதிவிடலாம், தனிச்சொல் தேவையில்லை.

இரண்டையும் பிரித்துக் காட்டினால் பழுது பார்க்கவும் உதவும். கிகாபிட் ஈதர்நெட்டுக்குக் கேபிளில் உள்ள நான்கு கம்பி இணைகளும் வேண்டும். ஒன்று அறுந்தால் பல வலையமைப்பு அட்டைகள் சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். நகல் 11 மெகாபைட்டில் ஊரும். இணைப்பு வீதம் 100 என்று தெரிந்தால் கம்பியை, அதன் முனைச்செருகியைப் பாருங்கள். 1,000 என்றே நின்று வரத்து மட்டும் சரிந்தால் வட்டையோ, சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருப்பதையோ சந்தேகியுங்கள். டைப்-சி முனையுள்ள கைபேசி சார்ஜ் கேபிள்கள் பலவற்றில் யுஎஸ்பி 2.0-க்கான கம்பிகள் மட்டுமே உண்டு. வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தை அதில் மாட்டினால் இணைப்பு வீதம் 480 மெகாபிட், வரத்து நாற்பது மெகாபைட்டைத் தாண்டுவதே அபூர்வம்.

அலகுச் சுருக்கம் இன்னும் பாக்கி. ஆங்கிலத்தில் சிறிய எழுத்து பிட், பெரிய எழுத்து பைட். நமக்குச் சிறிது பெரிது கிடையாது. இரண்டும் 'எம்பி' ஆகிவிடுகிறது. 'எம்பிபிஎஸ்' என்று எழுதினால் மருத்துவப் பட்டம். 'மெகாபிட்/விநாடி', 'மெகாபைட்/விநாடி' என்று முழுதாகவே எழுதுவோம். நீளம்தான், பொத்தானுக்குள் அடங்காத இடத்தில் 'மெ.பிட்', 'மெ.பைட்'. அதற்கும் கீழே சுருக்கும் திருத்தங்களை ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து.