எஸ்எம்சி மெம்பர்னு பேரு, ஸ்கூல் கணக்க மட்டும் காட்ட மாட்டேங்கறாங்க, யார கேக்கறது?

மலங்காட்டுக்காரி:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. நாங்க ஏற்காடு மேல ஒரு சின்ன கிராமம், ஊர் பேரு வேணாம். பொண்ணு நாலாவது படிக்கறா, ஊர்லயே இருக்கற கவர்மென்ட் ஸ்கூல்தான். 2024ல எஸ்எம்சி, அதாவது பள்ளி மேலாண்மைக் குழு, புதுசா போட்டப்ப என்னையும் மெம்பரா போட்டாங்க, நானும் நம்ம புள்ளைங்களுக்குத்தானேன்னு சந்தோசமா சேந்தேன். ஆனா மீட்டிங்னு நடக்கறது என்னன்னா ஒரு நோட்டு வரும், கையெழுத்து போடுங்கம்பாங்க, மேல ஒண்ணுமே எழுதியிருக்காது, அப்பறமா எழுதிக்கறோம்னு சொல்லிருவாங்க. பாதிப்பேரு எஸ்டேட் வேலைக்கு போறவங்க, பகல்ல மீட்டிங் வெச்சா அன்னிக்கு கூலி போச்சு, அதனால வரமாட்டாங்க, அவங்களுக்கு நோட்டு வீட்டுக்கே போகும்.

இப்ப என்னன்னா பொம்பளப்புள்ளைங்க பாத்ரூம்ல பைப்பு உடைஞ்சு ரொம்ப நாளாச்சு, தண்ணி வரல, என் பொண்ணு காலைல இருந்து தண்ணியே குடிக்காம இருந்துட்டு வீட்டுக்கு வந்துதான் போறா. கேட்டா ஃபண்டு வரலங்கறாங்க. வருசா வருசம் ஒரு தொகை வரும்னு கீழ டவுன்ல இருக்கற சொந்தக்காரங்க சொல்றாங்க. நான் யாரையும் திருடன்னு சொல்லல, வந்துச்சா வரலியா, வந்தா எதுக்கு போச்சு, அவ்ளோதான். அத கேக்க எங்களுக்கு உரிமை இருக்கா? கேட்டா புள்ளைய கிளாஸ்ல ஏதாச்சும் சொல்லுவாங்களோன்னு பயமாவும் இருக்கு, எங்களுக்கு இத விட்டா வேற ஸ்கூல் இல்ல.

அம்மாப்பேட்டை_வாசி:
உரிமை இருக்கான்னு கேக்கவே வேணாம்ங்க, அது உங்க வேலையே. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21 எடுத்து பாருங்க, கமிட்டியில முக்கால்வாசி பேரு பெத்தவங்களாத்தான் இருக்கணும், பாதிப்பேரு பொம்பளைங்களா இருக்கணும், கமிட்டியோட வேலை என்னன்னு போட்டிருக்கற எடத்துல அரசாங்கம், உள்ளாட்சி, வேற எந்த வழில பணம் வந்தாலும் அது எப்படி செலவாகுதுன்னு கண்காணிக்கறதுன்னு தெளிவா இருக்கு. கணக்க காட்டாம உங்க கையெழுத்த மட்டும் வாங்கறது அந்த சட்டத்துக்கே நேர் எதிரா நடக்கறது.

நேரா ஆர்டிஐ, அதான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு, போடுங்க. வெள்ளைப்பேப்பர்ல எழுதி 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பிஇஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ் பொதுத்தகவல் அலுவலருக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க. எதுக்கு கேக்கறன்னு காரணம் சொல்ல வேண்டியதில்ல. 30 நாள்ல பதில் வரணும், வரலன்னா மேல்முறையீடு. புள்ளைய நினைச்சு பயமா இருந்தா உங்க பேர்லதான் போடணும்னு இல்ல, இந்திய குடிமகன் யாரு வேணா போடலாம், கீழ இருக்கற அந்த சொந்தக்காரங்களையே போட சொல்லுங்க.

சாக்பீஸ்:
நான் சேலம் மாவட்டத்துலயே கவர்மென்ட் ஸ்கூல் டீச்சர்தான், ஹெச்எம் பொறுப்பும் பாத்திருக்கேன். அண்ணன் சொன்ன சட்டம் எல்லாம் சரி, ஆனா எடுத்த எடுப்புல ஆர்டிஐ போடறது சரியா படல. மலைல ரெண்டு டீச்சர் வெச்சு ஓடற ஸ்கூல்ல ஆர்டிஐ வந்தா அடுத்த ஒரு மாசம் அந்த ஹெச்எம் பாடமா நடத்துவாரு, ஃபைல்தான் தேடிட்டு இருப்பாரு.

அக்கா, பள்ளி மானியம்னு ஒண்ணு சமக்ர சிக்ஷாங்கற பள்ளிக்கல்வித் திட்டத்துல இருந்து வரும். விதிப்படி 30 புள்ளைங்க வரைக்கும் 10,000, 31ல இருந்து 100 வரைக்கும் 25,000, 250 வரைக்கும் 50,000, 1000 வரைக்கும் 75,000, அதுக்கு மேல ஒரு லட்சம். உங்க ஸ்கூல்ல எத்தன புள்ளைங்கன்னு உங்களுக்கே தெரியும், பாத்துக்கோங்க. அதுல பத்துல ஒரு பங்காச்சும் சுத்தம் சுகாதாரத்துக்குன்னே ஒதுக்கணும்னு இருக்கு, உங்க பாத்ரூம் பைப்பு அதுல தாராளமா வரும். ஆனா ஒண்ணு சொல்லணும், அந்த பணம் வருசம் பொறந்ததும் வர்றதில்ல, பல வருசம் கடைசி நேரத்துல வந்து விழும், அதுவரைக்கும் சாக்பீஸ், ரெஜிஸ்டர், பல்பு, ஆசிட், பினாயில் எல்லாம் கைக்காசுதான். ஃபண்டு வரலன்னு ஹெச்எம் சொன்னது நெஜமாவும் இருக்கலாம். 10,000 ரூவாய வெச்சு ஒரு வருசம் ஸ்கூல ஓட்டறது எப்படி இருக்கும்னு வெளிய இருக்கறவங்களுக்கு புரியறதில்ல, அது புரியணும்னாலே கணக்கு வெளிய வரணும், அதுல எனக்கு மாத்துக்கருத்தே இல்ல. நான் பொறுப்புல இருந்தப்ப வரவு செலவ ஒரு சார்ட்ல எழுதி ஆபீஸ் ரூம் வெளிய ஒட்டிருவேன். ஒருத்தரும் சந்தேகமா ஒரு வார்த்த கேட்டதில்ல, தண்ணித்தொட்டி ரிப்பேருக்கு பத்தலன்னு பாத்துட்டு ஊர்க்காரங்களே காசு போட்டு குடுத்தாங்க.

ஓமலூர்_அம்மா:
எங்க ஸ்கூல்ல நான்தான் எஸ்எம்சி தலைவி. மலங்காட்டுக்காரி, முதல்ல அந்த வெத்துப்பக்கத்துல கையெழுத்து போடறத இன்னிக்கே நிறுத்துங்க!! நாளைக்கு அதுக்கு மேல என்ன எழுதினாலும் நீங்க ஒத்துக்கிட்டதா ஆயிரும். எழுதி முடிச்சு படிச்சு காட்டுங்க, அப்பறம் போடறேன்னு சொல்லுங்க, படிக்க தெரியாத மெம்பர் இருந்தா அவங்களுக்கும் சத்தமா படிக்க சொல்லுங்க. இத சண்டையா சொல்ல வேணாம், டீ குடிக்கும்போது சாதாரணமா சொல்லலாம்.

ரெண்டாவது உங்க தலைவி யாரு? தலைவரும் பெத்தவங்கள்ல ஒருத்தர்தான், எஸ்எம்சி அக்கவுண்ட்ல பணம் எடுக்கணும்னா தலைவரும் ஹெச்எம்மும் சேந்து கையெழுத்து போட்டாத்தான் முடியும். அப்ப பணம் வந்துச்சா போச்சான்னு உங்க ஊர்லயே ஒருத்தருக்கு தெரிஞ்சிருக்கணும். தெரியலன்னா அவங்களும் உங்கள மாதிரியே பாக்காம கையெழுத்து போடறாங்கன்னு அர்த்தம். அவங்களோட சேந்து பேங்க் போய் பாஸ்புக் என்ட்ரி போட சொல்லுங்க, முக்காவாசி விசயம் அங்கயே தெரிஞ்சிரும்.

மூணாவது, தீர்மானம். வாயால சொன்னா காத்துல போயிரும். "பெண்கள் கழிப்பறை குழாய் சரி செய்ய வேண்டும், பள்ளி மானிய வரவு செலவு ஒவ்வொரு கூட்டத்திலும் வாசிக்கப்பட வேண்டும்"னு நோட்டுல ஏத்துங்க, தீர்மானத்த எஸ்எம்சி ஆப்லயும் பதிவு பண்ண சொல்லுங்க, அங்க ஏறினா மேல இருக்கறவங்க கண்ணுக்கும் போகும். அதோட மீட்டிங்க எஸ்டேட் வேலை விட்டு வர்ற நேரத்துக்கு வைக்க சொல்லுங்க, கூலிய விட்டுட்டு வான்னு யாரையும் சொல்ல முடியாது, ஆளே வராத மீட்டிங்ல என்ன கண்காணிப்பு இருக்கு?

கொண்டலாம்பட்டி_2:
நடுவுல ஒரு டவுட்டு, எங்க பையன் படிக்கறது அரசு உதவி பெறும் ஸ்கூல், அங்கயும் இப்படி கேக்கலாமா?

அம்மாப்பேட்டை_வாசி:
எய்டட் ஸ்கூல்ல எஸ்எம்சி ஆலோசனை சொல்ல மட்டும்தான், 2012ல சட்டத்த திருத்தினப்ப அப்படி ஆக்கிட்டாங்க. ஆனா அரசாங்க காசு அங்க போகுதுல்ல, அத பத்தி கல்வி ஆபீஸ்ல ஆர்டிஐ போட்டு கேக்கலாம்.

@சாக்பீஸ் சார், நீங்க சொல்றது நியாயம், எல்லா ஹெச்எம்மும் உங்கள மாதிரி சார்ட் ஒட்டினா எனக்கு ஆர்டிஐ போட என்ன வேண்டுதலா. ஒட்டாதவங்கள என்ன பண்றது? ஆர்டிஐ சட்டம் பிரிவு 4 படி இந்த வரவு செலவு விவரமெல்லாம் யாரும் கேக்காமலே வெளியிடணும். ஒரு அம்மா பயந்து பயந்து கேக்கற நிலைமையில இருக்காங்கன்னா தப்பு எங்கயோ இருக்கு.

மலங்காட்டுக்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. தலைவி கையெழுத்து இல்லாம பணம் எடுக்க முடியாதுங்கறது எனக்கு தெரியவே தெரியாது. அவங்க எங்களுக்கு பக்கத்து தெருதான், நேத்து சாயங்காலம் போய் கேட்டேன், செக்குல கையெழுத்து போட்டது ஞாபகம் இருக்காம், எவ்ளோன்னு பாக்கலியாம், பாஸ்புக் எங்க இருக்குன்னும் தெரியல. அவங்களுக்கும் மனசு கஷ்டமா போச்சு. ரெண்டு பேரும் சேந்து பேங்குக்கு போறதா இருக்கோம். ஹெச்எம் கிட்ட பாஸ்புக் கேக்கும்போது என்னன்னு கேக்கறது, அவரு மனசு நோகாம?

சாக்பீஸ்:
"சார், அடுத்த மீட்டிங்ல பாத்ரூம் வேலைக்கு தீர்மானம் போடலாம்னு இருக்கோம், எவ்ளோ இருக்குன்னு பாத்துட்டா எஸ்டிமேட் போட வசதியா இருக்கும்"னு கேளுங்க அக்கா. உண்மையும் அதுதானே. ப்ளம்பர் ஒருத்தர கூட்டிட்டு போய் என்ன செலவாகும்னு எழுதி வாங்கிட்டு போனீங்கன்னா இன்னும் நல்லது.

ஓமலூர்_அம்மா:
அப்பவும் தரலன்னா விட்டுறாதீங்க. கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2ன்னு எல்லாம் நடக்கும்ல, எது முன்ன வருதோ அதுல பாத்ரூம் விசயத்த எழுப்பி தீர்மானத்துல ஏத்துங்க, தனியா போகாதீங்க, பொம்பளைங்க பத்து பேரா போங்க. ஒருத்தரா கேட்டாத்தான் புள்ளைய சொல்லுவாங்கங்கற பயம் வரும். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு மனு குடுக்கறதா இருந்தா முந்தின நாளே சொல்லுங்க, நான் ஓமலூர்ல இருந்து வந்துர்றேன், மனு எழுதறதுக்கு கூட இருக்கேன்.