விஜய் சூப்பர்: முன் ஃபோர்க் இடது பக்கம் மட்டும் அமுங்குகிறது, ஃபோர்க்கையே மாற்ற வேண்டுமா?

கேட்டவர் (அம்மாப்பேட்டை, சேலம்)

அப்பா ஓட்டிய விஜய் சூப்பர் 150 ஸ்கூட்டர். அவர் போன பிறகும் விற்க மனம் வரவில்லை. வாரம் ஒரு முறை ஏற்காடு ஏறி இறங்குவேன். போன மழைக்காலத்தில், முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் வலது ஸ்பிரிங் ஒடிந்தது. ஒரு பட்டறையில் அந்தப் பக்கம் மட்டும் புது ஸ்பிரிங் போட்டுக் கொடுத்தார்கள். அதிலிருந்துதான் தொல்லை. முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் மேல்பாகம் லேசாக வண்டியின் வலது பக்கம் சாய்ந்திருக்கிறது. மலை இறங்கும்போது வண்டியும் வலது பக்கமே இழுக்கிறது. எதிரே பஸ் ஏறி வரும் கொண்டை ஊசி வளைவில் அது எவ்வளவு பயம் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். மொத்தம் 20 வளைவு, இறங்குவதற்குள் கை விட்டுப்போகிறது. பட்டறையில் இப்போது, "ஃபோர்க் வளைந்துவிட்டது, வேறு ஃபோர்க் வாங்கி வாருங்கள்" என்கிறார்கள். வண்டி எங்கும் இடிக்கவில்லை, விழவும் இல்லை. வாங்கத்தான் வேண்டுமா?

பதில் 1 (அஸ்தம்பட்டி)

என் பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரில் இப்படி வந்தபோது முன் ஷாக் அப்சார்பரை மாற்றினேன், சரியாகிவிட்டது. அதை முதலில் பாருங்கள்.

பதில் 2 (கோரிமேடு)

தம்பி, சேத்தக் வைத்தியம் இதற்கு ஆகாது. சேத்தக்கில் சக்கரத்தை ஒரு பக்கத்துக் கை மட்டும்தான் பிடித்திருக்கும். விஜய் சூப்பர் லாம்ப்ரெட்டா வம்சம். லக்னோ ஸ்கூட்டர்ஸ் இந்தியா இத்தாலியின் இன்னோசென்டி கம்பெனியிடம் இயந்திரங்களை வாங்கி வந்து செய்த வண்டி. இதில் ஃபோர்க்குக்கு இரண்டு கால். ஒவ்வொரு காலுக்குள்ளும் ஒரு ஸ்பிரிங், கீழே மேலும் கீழும் அசையும் குட்டைக் கை, அதுதான் லிங்க். இரண்டு லிங்க்கையும் சேர்த்துப் பிடிப்பது ஒரே ஆக்சில், அதாவது சக்கரத்தின் அச்சு. அதனால் ஒரு ஸ்பிரிங் தளர்ந்தால் ஆக்சிலே சாய்ந்துவிடும், கூடவே சக்கரமும் சாயும். உங்கள் வண்டியில் பல வருஷம் அமுங்கிக் களைத்த ஸ்பிரிங் இடது பக்கம், புதுசு வலது பக்கம். ஒரு காலுக்குப் புதுச் செருப்பும் மறுகாலுக்குத் தேய்ந்த செருப்பும் மாட்டி நடக்கச் சொன்ன கதைதான். ஸ்பிரிங்கை எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

ஃபோர்க் வாங்கும் முன் வண்டியைச் சமதளத்தில் நேராக நிறுத்தச் சொல்லி, ஆக்சில் நட்டிலிருந்து ஃபோர்க் காலின் கீழ்விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். அப்புறம் பிரிக்கும்போது ஒரு எச்சரிக்கை. உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும். லிங்க்கை மேலே தள்ளிப் பிடிக்கும் திருகுக் கருவி இல்லாமல், லிங்க்கைக் காலோடு கோக்கும் பிவட் போல்ட்டைத் தட்டி எடுக்க யாரையும் விடாதீர்கள். போல்ட் மரை கெடும், கையும் போகும். அந்தக் கருவியை எந்த லேத் பட்டறையிலும் செய்து கொடுப்பார்கள்.

பிரித்த பிறகு இரண்டு ஸ்பிரிங்கையும் பக்கத்தில் நிற்க வைத்து உயரம் பாருங்கள். லிங்க் புஷ் (போல்ட்டைச் சுற்றியுள்ள உறை) ஓவலாகிவிட்டதா, ரப்பர் பஃபர் நொறுங்கிவிட்டதா என்றும் பாருங்கள். கடைசியாக, இரண்டு காலிலும் உள்ள பிவட் ஓட்டைகள் வழியாக நேரான உருளைக் கம்பி ஒன்றைச் செலுத்துங்கள். இழுபறி இல்லாமல் இரண்டிலும் நுழைந்தால் கால்கள் வளையவில்லை. இந்தச் சோதனை செய்யாமல் ஃபோர்க் வளைந்தது என்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

கேட்டவர்

ஐயா, ஞாயிற்றுக்கிழமை செவ்வாய்பேட்டையில் லேத் வைத்திருக்கும் நண்பன் கருவி செய்து தந்தான், அங்கேயே பிரித்தோம். அளவில் இடது பக்கம் 6 மில்லிமீட்டர் குறைவு. இடது ஸ்பிரிங் வலதைவிட 9 மில்லிமீட்டர் குட்டை. அது மட்டுமல்ல, இடது பிவட் போல்ட்டில் துரு, கிரீஸ் வாசமே இல்லை. அந்த லிங்க் கையால் அசைத்தால் பாதியில் மாட்டிக்கொண்டு நின்றது. கம்பி இரண்டு ஓட்டையிலும் வழுக்கிக்கொண்டு போனது! ஃபோர்க் நேராகத்தான் இருக்கிறது.

ஸ்பிரிங் ஜோடி, புஷ் இரண்டு பக்கமும், பஃபர், இடது போல்ட் எல்லாம் புதுசு. அப்பா போட்ட ஃபோர்க் அப்படியே இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. நேற்று ஏற்காடு ஏரி வரை போய் இறங்கினேன். வண்டி இழுக்கவில்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

பதில் 2 (கோரிமேடு)

சந்தோஷம் தம்பி. ஒரு 300 கிலோமீட்டர் ஓடியதும் பிவட் போல்ட், ஆக்சில் நட் இரண்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். முன் டயரின் வலது ஓரம் இந்த மாதங்களில் தேய்ந்திருக்கும். ரொம்பத் தேய்ந்திருந்தால் டயரை மாற்றிவிடுங்கள், இறக்கத்தில் அதை நம்ப வேண்டாம்.