புதுப்பிப்பு: 3ஆம் சிலிண்டரில் கம்ப்ரெஷன் குறைந்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது

கேஸ் கிட் போட்ட என் பழைய பெட்ரோல் கார் ஐடிலில் குலுங்குகிறது, பிளக், காயில் மாற்றியும் சரியாகவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கம்ப்ரெஷனை (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும்போது வரும் அழுத்தம்) அளந்தபோது, முதல் தடவை நான்கு சிலிண்டரிலுமே அளவு குறைவாக வந்து பயந்துவிட்டேன். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் செல்ஃப் அடித்ததுதான் தவறு. இன்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, முழுக்க மிதித்தபடி மறுபடி எடுத்தேன்: 170, 165, 95, 170 பிஎஸ்ஐ.

3ஆவதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டுப் பார்க்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான் வழி காட்டியது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்தக் கசிவை அடைத்து அளவு நன்றாக ஏறியிருக்கும், 100தான் வந்தது. அப்புறம் மெக்கானிக் அந்த பிஸ்டனை மேலே நிறுத்திக் காற்று ஏற்றினார். சைலன்சர் வழியாக உஸ்ஸென்று சத்தம். கசிவது புகை வெளியேறும் வழியை மூடும் எக்ஸாஸ்ட் வால்வு!

எதிர்பாராதது என்னவென்றால், ஹெட்டை (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பகுதி) கழற்றவே வேண்டியிருக்கவில்லை. கேஸில் ஓடி வால்வு சீட் (மூடும்போது வால்வு உட்காரும் இடம்) தேய்ந்ததில் டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கும் பாகத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய சிறு இடைவெளி) துளியும் இல்லாமல், வால்வு முழுதாக மூடாமல் இருந்திருக்கிறது. மேனுவலில் உள்ள அளவுக்கு இடைவெளி வைத்ததும் 160 வந்தது. குலுக்கல் போய்விட்டது. 10,000 கி.மீ. கழித்து மறுபடி டேப்பட் பார்க்கப் போகிறேன். சீட் இன்னும் தேய்ந்திருந்தால் அப்போது ஹெட் வேலைதான்.