பழைய மோட்டார்சைக்கிளில் நான்கு முட்களும் தடுமாறுகின்றன: மீட்டர் தொகுதியையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: தனிச்சக்கரம்

வணக்கம். 1980களின் நடுவில் வந்த, நான்கு சிலிண்டரும் ரேடியேட்டரும் உள்ள ஒரு மோட்டார்சைக்கிளை ஓட்டி வருகிறேன். எஞ்சினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மீட்டர் பலகையில் ஒரு முள்ளைக்கூட நம்ப முடியவில்லை.

பெட்ரோல் முள், டேங்கை நிரப்பினாலும் அடியிலேயே படுத்துக் கிடக்கிறது. வெப்ப முள் சாதாரணமாகச் சரியாக நின்றாலும், இண்டிகேட்டரைப் போட்டவுடன் விளக்கு மின்னும் தாளத்திலேயே துடிக்கத் தொடங்கிவிடுகிறது. ஆர்பிஎம் முள் ஹைபீம் போட்டால் கீழே சரிகிறது, சில வேளைகளில் பூஜ்யத்துக்கே போய்விடுகிறது. ஸ்பீடோமீட்டர் முள் 40க்கும் 60க்கும் இடையில் நடுங்கி, வேகம் கூடியதும் ஓரளவு அடங்குகிறது. முன்பு வைத்திருந்தவர் சேஸிஸுக்கு பவுடர் கோட்டிங் செய்திருக்கிறார் என்பதைத் தவிர வண்டியின் பழைய வரலாறு எனக்குத் தெரியாது.

பழைய மீட்டர் தொகுதி ஒன்றைத் தேடி வாங்கி அப்படியே மாற்றிவிடுமாறு ஒரு மெக்கானிக் சொல்கிறார். நான்கும் ஒரே காலத்தில் கெட்டுப்போவது இயல்புதானா என்பதே என் சந்தேகம். என்னிடம் மல்டிமீட்டர் இருக்கிறது. வயரிங் வரைபடத்தை நிதானமாகப் படித்துப் புரிந்துகொள்ளவும் முடியும். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: செம்புக்கம்பி

நண்பரே, மீட்டர் வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. வெப்ப முள் இண்டிகேட்டரோடு துடிப்பதும், ஆர்பிஎம் முள் ஹைபீமில் சரிவதும், வேறொரு விளக்கு மின்சாரம் இழுக்கும்போது மட்டுமே நடக்கின்றன. பழுது மீட்டருக்கு உள்ளே இருந்தால், விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் அது ஒரே மாதிரிதான் காட்டும். ஆகவே மீட்டர்களுக்கும் விளக்குகளுக்கும் பொதுவான ஒரு கம்பியில், எர்த்திலோ (மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை) பாசிட்டிவிலோ, வோல்டேஜ் வீணாகிக்கொண்டிருக்கிறது.

வெப்ப மீட்டர் பல வண்டிகளில் மூன்று முனைகள் கொண்டது: ஒன்றுக்கு பாசிட்டிவ் வரும், இன்னொன்று எர்த், மூன்றாவது சென்சாருக்குப் போகும். சென்சார் தன் எர்த்தை எஞ்சினின் உலோகத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. மீட்டரோ ஹெட்லைட், இண்டிகேட்டர் ஆகியவற்றோடு சேர்ந்து முன்பக்க எர்த் கம்பியை நம்பியிருக்கிறது. அந்த எர்த் மோசமாக இருந்தால், விளக்குகளின் மின்சாரம் முழுவதும் அந்த இணைப்பைக் கடந்து போகத் திணறும்போது, மீட்டருக்குக் கிடைக்கும் எர்த் பூஜ்ய வோல்ட்டிலிருந்து மேலே ஏறிவிடும். சென்சார் சொல்வது மாறாதபோதும் முள் நகர்வது இதனால்தான்.

இதை ஓம் (மின்தடை) அளவில் சோதிக்க வேண்டாம். கம்பிக்குள் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும், மல்டிமீட்டர் அனுப்பும் மிகச் சிறிய மின்சாரத்துக்கு அது போதும் என்பதால், கம்பி நன்றாக இருப்பதாகவே காட்டும். அதற்குப் பதிலாக டிசி 20 வோல்ட் அளவில் வையுங்கள். கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே வைத்து, சிவப்பு முனையை மீட்டர் கப்ளரின் (கம்பிகளை இணைக்கும் செருகி) எர்த் பின்னில், கப்ளரைக் கழற்றாமல் பின்பக்கமாகச் செருகித் தொடச் செய்யுங்கள். சாவியைப் போட்டு, ஹைபீம், பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் எல்லாவற்றையும் எரியவிட்டுப் பாருங்கள். 0.1 அல்லது 0.2 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம்; அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தில்தான் பழுது. அதேபோல் பேட்டரி பாசிட்டிவுக்கும் மீட்டரின் பாசிட்டிவ் பின்னுக்கும் இடையிலும் அளந்து பாருங்கள். பழைய சாவி சுவிட்சின் உள்முனைகள் தேய்ந்து அரை வோல்ட்டுக்கு மேல் விழுங்குவது இந்த வயது வண்டிகளில் சாதாரணம்.

பவுடர் கோட்டிங் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்குதான் என் கண் போகிறது. எர்த் கம்பியின் வளைய முனை பெயிண்டின் மேல் உட்கார்ந்திருந்தால், போல்ட்டின் மரை வழியாக மட்டுமே மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்.

மறுமொழி: சங்கிலிப்பல்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் ஸ்பீடோமீட்டரை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். முன்சக்கரத்திலிருந்து கேபிள் வந்தால், அதில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது, காந்தம் தன்னைச் சூழ்ந்த அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி அதை இழுக்கிறது, மெல்லிய சுருள்வில் ஒன்று அதற்கு எதிராக நிற்கிறது. முள் அந்தக் கிண்ணத்தோடு இணைந்திருப்பதால், கேபிள் சீராகச் சுழலாமல் விட்டு விட்டுச் சுழன்றால் அது அப்படியே நடுக்கமாகத் தெரியும். குறைந்த வேகத்தில் நடுங்கி, வேகம் கூடியதும் அடங்குவது உலர்ந்துபோன அல்லது மடிந்த கேபிளின் குணம்.

உள்கேபிளை உருவி எடுத்து, ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் வைத்து விரல்களால் உருட்டுங்கள். நேராக இருந்தால் சத்தமின்றி உருளும். எங்காவது மடிப்பு விழுந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் மட்டும் எழும்பித் தட்டும். மடிந்த கேபிளை நேராக்க முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள். நல்ல கேபிள் என்றால் துடைத்து, கீழ்ப்பகுதிக்கு மட்டும் மெல்லிய பூச்சாக கிரீஸ் தடவுங்கள். மீட்டரை ஒட்டிய மேல்முனையில் ஒரு சாண் நீளத்துக்குத் தடவவே கூடாது. சுழலும் கேபிளோடு கிரீஸ் மேலே ஏறி காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையில் புகுந்தால், முள் மெதுவான வேகத்திலும் உச்சத்துக்கு ஓடிவிடும், அதன்பின் மீட்டரைப் பிரிக்காமல் தீர்வில்லை. கேபிள் போகும் வழியையும் கவனியுங்கள்: ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பும்போது அது எங்கும் கூர்மையாக வளையக் கூடாது.

மறுமொழி: நள்ளிரவு விளக்கு

ரெகுலேட்டரையும் பார்த்துவிடுங்கள். இந்த வயது வண்டிகளில் அது போவது அதிகம்.

மறுமொழி: செம்புக்கம்பி

ரெகுலேட்டர் என்று பொதுவாகச் சொன்னால் கேட்டவர் குழம்பக்கூடும், ஏனென்றால் சில வண்டிகளில் இரண்டு இருக்கின்றன. முதலாவது, பேட்டரிக்கு சார்ஜ் கொடுப்பதைக் கட்டுப்படுத்துவது. எஞ்சினை நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,000 சுற்றில் வைத்து பேட்டரி முனைகளில் அளந்தால் 14 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 15ஐத் தாண்டினால் மீட்டர்களையும் பல்புகளையும் அது மெல்லக் கொன்றுவிடும் என்பதால், புதிய பாகம் எதையும் மாட்டுமுன் இதை அளப்பது நல்லது. இரண்டாவது, பெட்ரோல் மீட்டருக்கும் வெப்ப மீட்டருக்கும் மட்டும் 7 வோல்ட் அளவில் சீரான வோல்டேஜ் கொடுக்கும் சிறு ரெகுலேட்டர். இது எல்லா வண்டிகளிலும் இருக்காது. உங்கள் வரைபடத்தில் இருந்து, அது கெட்டிருந்தால், அந்த இரண்டு முட்களும் சேர்ந்தே தவறாகக் காட்ட வேண்டும். உங்கள் வண்டியில் வெப்ப முள் மற்ற நேரங்களில் சரியாக நிற்பதால், நான் அதைச் சந்தேகிக்கவில்லை.

கேள்வி கேட்டவர்: தனிச்சக்கரம்

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடி அளந்தேன். பாசிட்டிவ் பக்கம் 0.3 வோல்ட்தான் குறைகிறது. எர்த் பக்கம் ஹைபீமில் 0.9 வோல்ட், இண்டிகேட்டரையும் போட்டால் அந்த எண் விளக்கோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. சார்ஜிங் 14.2 வோல்ட்டில் நிற்கிறது.

ஹெட்லைட் கூட்டைக் கழற்றிப் பார்த்தபோது, ஹேண்டில்பாருக்குக் கீழே சேஸிஸில் இறுக்கியிருந்த எர்த் வளையம் பவுடர் கோட்டிங்கின் மேலேயே இருந்தது. அதன் கழுத்தில் கம்பி பச்சை பூத்து, தொட்டவுடன் இழைகள் பொடிந்தன. உறையைச் சற்று உரித்துப் பார்த்தேன், செம்பு உள்ளேயும் கறுத்திருந்தது. நல்ல செம்பு தெரியும் இடம் வரை வெட்டி, புது வளையம் கிரிம்ப் செய்து, சேஸிஸில் அந்த இடத்தை மட்டும் உலோகம் தெரியும்வரை சுரண்டி இறுக்கிய பின் வாசலின் தடவினேன். இப்போது எர்த் பக்கம் 0.08 வோல்ட். வெப்ப முள் அசையவில்லை, ஆர்பிஎம் முள்ளும் ஹைபீமில் சரியவில்லை. கேபிளைக் கண்ணாடியில் உருட்டியபோது ஓர் இடத்தில் தட்டியது, எனவே புதியதைப் போட்டேன்; நடுக்கம் போய்விட்டது.

பெட்ரோல் முள் மட்டும் இன்னும் எழவில்லை.

மறுமொழி: செம்புக்கம்பி

மகிழ்ச்சி. பெட்ரோல் முள் விளக்குகளுக்கு அசையாமல் எப்போதும் ஒரே இடத்தில் கிடந்ததால், அது தனிப் பழுதாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

மீட்டரா, டேங்க் சென்சாரா என்பதை முதலில் பிரித்தறியுங்கள். டேங்குக்குக் கீழே சென்சாரின் கப்ளரைக் கழற்றி, மீட்டர் பக்கம் போகும் சென்சார் கம்பியை ஒரு சிறிய 12 வோல்ட், 3 வாட் பல்பின் வழியாக எர்த்தோடு சில நொடிகள் இணையுங்கள். நேரடியாக எர்த் செய்தால் சிலவகை மீட்டர்களின் உள்கம்பி கருகக்கூடும் என்பதற்காகத்தான் பல்பு. டேங்க் நிறைந்தால் ஓம் குறையும்படி அமைந்த வண்டிகளில், முள் மேல்நோக்கி எழ வேண்டும். சில வண்டிகளில் இந்த அமைப்பு தலைகீழாகவும் இருப்பதால், சர்வீஸ் கையேட்டில் ஒருமுறை சரிபாருங்கள். முள் எழுந்தால் மீட்டரும் கம்பியும் நலம்.

அதன்பின் சென்சாரின் இரண்டு கம்பிகளுக்கும் இடையில் ஓம் அளவை எடுங்கள். டேங்க் ரப்பர் தாங்கிகளின் மேல் இருப்பதால் சேஸிஸ் வழியாக அதற்கு நம்பகமான எர்த் கிடைக்காது, ஆகையால் சென்சாரின் எர்த் கம்பியும் அறுபடாமல் இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்: தனிச்சக்கரம்

பல்பு வழியாக இணைத்ததும் முள் நிதானமாக மேலே ஏறியது. சென்சார் கம்பிகளுக்கு இடையில் 95 ஓம். முக்கால் டேங்க் பெட்ரோல் இருந்தும் மாறவில்லை. கையேட்டின்படி இது ஏறக்குறைய காலி டேங்குக்கு உரிய அளவு.

மறுமொழி: சங்கிலிப்பல்

அப்படியானால் கம்பிகளும் சென்சாருக்கு உள்ளேயுள்ள மின்தடைத் தடமும் உயிரோடு இருக்கின்றன, பெட்ரோல் மட்டத்தோடு ஏறி இறங்க வேண்டிய மிதவைதான் மேலே வரவில்லை. ஒன்று அது ஓட்டையாகிப் பெட்ரோல் குடித்து மூழ்கியிருக்கும், அல்லது பழைய பெட்ரோலின் பிசின் பிடித்து அதன் கை இறுகியிருக்கும். பேட்டரியைக் கழற்றி, டேங்கை முழுமையாகக் காலி செய்து, தீயோ தீப்பொறியோ அண்டாத திறந்த வெளியில் சென்சாரை எடுங்கள். மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே பெட்ரோல் அலம்பும் சத்தம் கேட்கும். பித்தளை மிதவையைச் சால்டர் வைத்து அடைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள்; உள்ளே ஆவி மிஞ்சியிருந்தால் அது வெடிக்கும், எனவே வேறு மிதவை போடுவதையே நான் சொல்வேன்.

சென்சாரை மீண்டும் மாட்டுமுன் மல்டிமீட்டரை இணைத்து, கையை அடியிலிருந்து மேல்வரை மெதுவாக நகர்த்துங்கள். ஓம் அளவு தாவாமல், நடுவில் அறுபடாமல் ஒழுங்காக இறங்கி வர வேண்டும். ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போடுங்கள். சாதாரண சிலிக்கான் பசை பெட்ரோலில் ஊறிக் கழன்றுவிடும். வேலை முடிந்து சாவியைப் போட்டவுடன் முள் குதித்து எழவில்லையே என்று பதற வேண்டாம். பெட்ரோல் தளும்புவதற்கெல்லாம் ஆடாதிருக்க, பல மீட்டர்களில் முள் மெதுவாக ஏறும்படியே அமைத்திருப்பார்கள். அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.