கோடு போட்டா, போடாமலா? ஐசி எண்ணும் சந்தாக் கணக்கும்

பால்மரம்: நம் மரண சகாய நிதிக் கணக்கை ஆக்செஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஏற்றுகிறோம் அல்லவா, அதற்குத் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி ஐயா நேற்று தீர்ப்பு வழங்கியிருக்கிறார்: "உறுப்பினர் டேபிளையும் சந்தா டேபிளையும் மலேசிய அடையாள அட்டையின் ஐசி எண்ணை வைத்து இணைத்தால் போதும், தானாக வரிசை எண் போடும் ஆட்டோநம்பர் சோம்பேறிகளுக்கு." குடித்த டீ மூக்கில் ஏறிவிட்டது. ஐயா, ஐசி எண் 12 இலக்கம். முழு எண்ணுக்கான லாங் இன்டிஜர் வகை 214 கோடியைத் தாண்டியதும் கையை விரித்துவிடும். பெரிய எண்ணையும் ஏற்கும் டபுள் வகைக்கு மாற்றினால், 2003இல் பிறந்த பிள்ளையின் ஐசி தொடங்கும் பிறந்த ஆண்டு 03 வெறும் 3 ஆகிவிடும்.

கிராணி: நம்பர் என்று நான் எங்கே சொன்னேன்? டெக்ஸ்ட் போடத் தெரியாதா? 31 வருஷம் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு எழுதிய கை இது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வராதவன் பெயரில் ஒரு நாள் சம்பளம்கூட விழுந்ததில்லை.

பால்மரம்: சரி, டெக்ஸ்ட். எண்ணுக்கு நடுவே வரும் கோடு (-)? நீங்கள் கோடு போட்டு அடிப்பீர்கள், உங்கள் பேத்தி கோடில்லாமல் அடிப்பாள். ஆக்செஸுக்கு அது இரண்டு ஆள்.

கிராணி: அதற்குத்தான் எண்ணை ஒரே வடிவில் அடிக்க வைக்கும் இன்புட் மாஸ்க். கோடு தானாக விழும். படித்துவிட்டு வா தம்பி.

பால்மரம்: விழும், கண்ணுக்கு! மாஸ்கின் கடைசியில் ;0 சேர்க்காவிட்டால் கோடு உள்ளே சேமிக்கப்படாது. ஒரு டேபிளில் சேர்த்துவிட்டு, இன்னொன்றில் விட்டுவிட்டீர்கள். போன தீபாவளிக்கு முன்னால் ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து கோடு அழித்தவன் நான்.

செம்பனை: ஐசியே கிடைக்காமல் அலைகிறவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்களே, அவர்கள் சந்தா கட்டக் கூடாதா?

கிராணி: பிறப்புப் பத்திர எண்ணைப் போடுவது.

பால்மரம்: அதில் கோடு உண்டா?

செம்பனை: முகவரியையும் பாருங்கள். ஒரே ஊர்தான், பாதிப் பேருக்குப் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை, மீதிப் பேருக்குப் புதிய பெயர் பெஸ்தாரி ஜெயா.

கிராணி: 2007இல் ஊர்ப் பெயரை மாற்றினால் நானும் மாற வேண்டுமா? பத்தாங்தான்.

செம்பனை: அப்போ உங்கள் கரண்ட் பில் எந்த ஊருக்குப் போகிறது ஐயா?

புதுசு: அண்ணன்மார்களே, இரண்டு டேபிளிலும் ஆட்டோநம்பர் போட்டு இணைத்தேன். என் சந்தா பக்கத்து லயத்து வீட்டுப் பாட்டி பேரில் விழுகிறது.

கிராணி: பார்த்தாயா, ஆட்டோநம்பரின் லட்சணம்!

பால்மரம்: ஆட்டோநம்பர் உறுப்பினர் பக்கம் மட்டும். சந்தா பக்கம் அந்த உறுப்பினர் எண்ணை ஏற்கும் வெறும் நம்பர், லாங் இன்டிஜர். லட்சணமா? ஓர் ஆளை நீக்கினால் அவர் கணக்கையும் சேர்த்து அழிக்கும் கேஸ்கேட் டிலீட்டில் டிக் போட்டுவிட்டு, இறந்துபோனவரைப் பட்டியலிலிருந்து நீக்கியது யார்? எட்டு வருஷச் சந்தாவும் அவரோடு போனது. அவர் சம்சாரம் பணத்துக்கு வந்து நின்றபோது, கணினியில் அப்படி ஓர் ஆளே இல்லை.

கிராணி: பழைய நோட்டில் இருந்தது, கொடுத்தோம். நோட்டு எழுதியது யார்?

செம்பனை: நோட்டில் கோடு இருந்ததா?

கிராணி: இருந்தது. பேனாவில். நாளைக்குக் கோயிலுக்கு வா, பேசிக்கொள்வோம்.

பால்மரம்: கோயில் இருக்கட்டும். மாஸ்கில் ;0 இருக்கிறதா, இல்லையா?

புதுசு: அண்ணே, பாட்டி காசைத் திருப்பித் தரமாட்டேன் என்கிறார்.

பால்மரம்: ;0 ஐயா. ;0.