மறு: லோரியல் ஸ்கேல் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே, வணக்கம். பாம்பின் முகத்தில், மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே பக்கவாட்டில் இருக்கும் 'லோரியல் ஸ்கேல்' என்ற செதிலுக்கு நம் சொல்விளக்கத்தில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> 'இடைச்செதில்' என்றே வைத்துவிடலாமே. சின்னச் சொல், யாருக்கும் புரியும்.

சின்னதுதான். ஆனால் எதற்கும் எதற்கும் இடையில் என்று சொல்லாமல் விடுகிறதே! தலையின் மேற்புறம், இரண்டு மூக்குச் செதில்களுக்கும் நடுவே இருப்பதை 'மூக்கிடைச் செதில்' என்று ஏற்கெனவே எழுதி வருகிறோம். நாம் பெயர் தேடுவது பக்கவாட்டில் இருப்பதற்கு. மூக்குச் செதிலுக்குப் பின்னால், கண்முன் செதிலுக்கு முன்னால். இரண்டு பெயரிலும் 'இடை' வந்தால் படிப்பவர் எந்த இடத்தில் தேடுவார்?

இந்த ஒரு செதிலுக்கு ஏன் இத்தனை மடல் என்று கேட்டவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கறுத்த உடம்பு, வெள்ளைப் பட்டைகள். படத்தில் இருப்பது கட்டுவிரியனா, வெள்ளிக்கோல் வரையனா? முன்னது ஆளைக் கொல்லும். பின்னதால் மனிதருக்கு ஆபத்தில்லை. பட்டையை வைத்துச் சொல்வதானால், வளர்ந்த கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பக்கம் மங்கலாகவும் வால் பக்கம் தெளிவாகவும் இருக்கும். வரையனுக்கு நேர்மாறு, வாலை நோக்கிப் போகப் போகத் தேய்ந்துவிடும். குட்டிகளில் இந்தக் கணக்கு தப்பும். அப்போது பக்கவாட்டுப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணுக்கு முன்னால் பார்க்க வேண்டும். வரையனுக்கு அங்கே நீளவாக்கில் ஒரு செதில் படுத்திருக்கும். கட்டுவிரியனுக்கு அது கிடையாது. மூக்குச் செதில் நேராகப் போய்க் கண்முன் செதிலை முட்டும். நாகம், பவளப்பாம்பு, கடற்பாம்பு என்று கட்டுவிரியனின் குடும்பத்தில் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அதனால்தான் ஆஸ்திரேலியாவிலும், ஒரு பாம்பு இந்தக் குடும்பமா என்று பார்க்க, இனங்காணும் அட்டவணைகளில் இந்தச் செதில் உண்டா என்று கேட்கிறார்கள்.

ஆக, நாம் தேடும் சொல் பாதி நேரம் 'இல்லை'யோடு சேர்ந்தே வரப்போகிறது. 'இடைச்செதில் இல்லை' என்று எழுதிப் பாருங்கள். நடுவில் செதிலே இல்லை, வெறும் தோல் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். உண்மையில் இடைவெளியே இல்லாமல் இரண்டு செதில்களும் ஒட்டியிருக்கின்றன.

என் பரிந்துரை: கடிவாளச் செதில். லத்தீனில் 'லோரம்' என்றால் தோல்வார், கடிவாள வார். பறவையின் கண்ணுக்கும் அலகுக்கும் நடுப்பட்ட பகுதிக்கும் அதே வேரிலிருந்துதான் பெயர். ஜெர்மன்காரர்களும் இந்தச் செதிலைக் கடிவாளத்தை வைத்தே அழைக்கிறார்கள்.

> குதிரையையே பக்கத்தில் பார்க்காத பிள்ளைகளுக்குக் கடிவாளம் எப்படி ஐயா புரியும்?

நியாயமான கேள்வி. ஆனால் 'வாய்க்குக் கடிவாளம் போடு' என்று இன்றும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்? முகத்தில் போடுவது என்ற அளவுக்குப் புரிந்தால் போதும், மிச்சத்தை விளக்கப்படம் பார்த்துக்கொள்ளும். 'கண்மூக்கிடைப் பக்கச்செதில்' போன்ற விளக்கச் சொற்கள் ஒருமுறை எழுதத் தாங்கும். ஒரே பத்தியில் நான்கு முறை வந்தால் வாசிப்பவர் ஓடிவிடுவார்.

> அப்படியானால் குழிவிரியனின் முகக்குழி 'கடிவாளக் குழி'யா?

ஆங்கிலத்தில் அப்படித்தான் இருக்கிறது. நமக்கு வேண்டாம் என்பேன். அந்தக் குழி இரையின் உடல் வெப்பத்தை உணர்கிறது. 'வெப்பக்குழி' என்றால் வேலையும் விளங்கும், செதிலோடு குழப்பமும் வராது.

இன்னொரு மடலில், கண்மணி கீற்றாக இருந்தால் நஞ்சு, வட்டமாக இருந்தால் நஞ்சில்லை, இதற்கு மேல் எதற்குச் செதில் என்று கேட்டிருந்தார்கள். நாகத்துக்கும் கட்டுவிரியனுக்கும் கண்மணி வட்டம். மலைப்பாம்புக்குக் கீற்று. அதை நம்பி யாரும் பாம்புக்குப் பக்கத்தில் போய்விடாதீர்கள், தயவுசெய்து.

ஆனால் சொல்விளக்கத்தில் 'கடிவாளச் செதில் இல்லையென்றால் நச்சுப்பாம்பு' என்றும் எழுதிவிடக் கூடாது. தென்கிழக்காசியாவின் கலமாரியா பேரினப் பாம்புகளுக்கும் அது இல்லை. அவை மண்ணுக்குள் வாழும் சாதுக்கள். விரியன்கள் பலவற்றுக்குக் கண்ணுக்கு முன்னால் பொடிப்பொடிச் செதில்களாகவே இருப்பதால் எது எது என்று பெயர் சொல்லிப் பிரிப்பதே கடினம். கூடவே மற்றவற்றையும் பார்க்கச் சொல்ல வேண்டும்: கட்டுவிரியனின் நடுமுதுகில் ஓடும் பெரிய அறுகோணச் செதில் வரிசை, வாலின் அடிப்பக்கத்தில் ஒற்றை வரிசையாக அமைந்த வாலடிச் செதில்கள் (வரையனுக்கு அவை இரட்டை வரிசை), உடல் நடுவே செதில் வரிசை எண்ணிக்கை – கட்டுவிரியனுக்கு 15, வரையனுக்கு 17.

'நடுமுதுகுச் செதில்', 'வாலடிச் செதில்' இரண்டுக்கும் இதுவரை மறுப்பு வரவில்லை, ஏற்றிக்கொள்ளலாம். 'கீல்டு ஸ்கேல்' (நடுவில் நீளவாக்கில் மேடு ஓடும் செதில்) பற்றித் தனி இழை தொடங்குங்கள். 'வரம்புச் செதிலா', 'முகட்டுச் செதிலா' என்பதை இங்கே கலந்தால் இரண்டுமே முடியாது.